தாலி தெரியாத கல்யாண கேசட்

ஹவுராவிலிருந்து பாபுகாட் போகும் லாஞ்சில், அத்தனை வங்காளப் பேச்சுக்கு நடுவே, எனக்குப் பின்னால் திடீரென்று தமிழ்.

"கேசட்ல நான் தாலியே கட்டிக்கலையாமேடா!"

திரும்பினேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு ஒரு பெண். பக்கத்தில் கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தம்பி.

"யாருக்கா சொன்னது?"

"சித்தி. முடிச்சு போடறதே படத்துல இல்லையாம். திருச்சியில என் மாமியார் தெருவையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டப் போறாங்க. நான் என்னடா பதில் சொல்றது?"

"கெட்டிமேளம் கேக்கும். பக்கத்து வீட்டு வங்காளி காகிமா எல்லாரும் உலுன்னு குலவை போடறது கேக்கும். தாலி கட்டியாச்சுன்னு சத்தமே சொல்லிடும்க்கா. படத்துல வேற ஒண்ணைக் காட்டணும்னு வீடியோ கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தாங்க."

"உன் கிளாஸ்ல இடி விழ! அப்படி எதைக் காட்டின?"

"அப்பாவை."

"அப்பா சமையல்காரரைத் திட்டிக்கிட்டிருந்திருப்பாரு."

"மேளம் சத்தம் ஏறினதும் நிறுத்திட்டாரு. தூண் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டு அழறாரு."

அவள் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் குனிஞ்சிருந்தேன்டா. எனக்குத் தெரியவே தெரியாது."

லாஞ்ச் கரையில் இடித்து நின்றது. எல்லோரும் எழுந்தோம்.

"அந்தக் கேசட்ல கை வைக்காதே," என்றாள். "முன்னாடி கூட்டம் மறைச்சிடுச்சுன்னு மாமியார்கிட்ட நானே சொல்லிக்கறேன்."