வராதவர்களுக்கும் ஒரு முறை

சோக்கிம்: போதும் அத்தை, எவ்வளவு நேரம் குலுக்குவீங்க? பகடைக்கே மயக்கம் வந்துடும். போடுங்க.

பீலியான்: இரு, இரு. கை சூடேறணும். இந்தா... விழுந்துச்சா?

சோக்கிம்: விழுந்துச்சு.

பீலியான்: ஒண்ணு துள்ளி வெளியே போன மாதிரி சத்தம் கேட்டுதே? வெளியே போனா என் முறை போச்சு.

சோக்கிம்: ஆறும் கிண்ணத்துக்குள்ளதான் இருக்கு.

பீலியான்: என்ன வந்திருக்கு, படிச்சுச் சொல்லு. எனக்குக் கிண்ணமே பாலாடை போர்த்தின மாதிரிதான் தெரியுது.

சோக்கிம்: ஒரே ஒரு சிவப்பு நாலு. மத்தது எல்லாம் வெத்து.

பீலியான்: ஒத்த நாலுக்கு என்ன பரிசு?

சோக்கிம்: சோப்பு.

பீலியான்: மறுபடியும் சோப்பா! இன்னிக்கு நிலாப் பண்டிகை, ஷியாமென் தீவு முழுக்க வீட்டுக்கு வீடு பகடை உருளுது. ஒருத்தி போர்வை ஜெயிக்கிறா, ஒருத்தி சோறு வடிக்கிற மின்சாரப் பானை ஜெயிக்கிறா. எனக்கு மட்டும் சோப்பு. நான் என்ன அவ்வளவு அழுக்காவா இருக்கேன்?

சோக்கிம்: நாலு பகடையில நாலு விழட்டும், முதல் பட்டம் உங்களுக்குத்தான். போர்வை, அந்தப் பெரிய நிலாப் பணியாரம், எல்லாம் உங்க கட்டிலுக்கு வந்துடும்.

பீலியான்: ரெண்டு பேர் ஆடுற ஆட்டத்துல யார் ஜெயிச்சாலும் பரிசு இதே வீட்டுக்குள்ளதான் கிடக்கும். பத்துப் பேர் சுத்தி உக்காந்து கத்தணும், அதுதான் ஆட்டம்... சரி, நீ போடு.

சோக்கிம்: போட்டாச்சு. ரெண்டு நாலு. எனக்குத் துண்டு.

பீலியான்: பாரு, அவளுக்குத் துண்டு! சோப்பும் துண்டும் சேர்ந்துடுச்சு, குளிச்சிட்டு வந்துடலாம். சரி, இப்ப அண்ணனுக்கு. அவன் இருக்கிற கின்மென் தீவு எந்தத் திசை?

சோக்கிம்: ஜன்னலுக்கு நேரா, அத்தை. வருஷா வருஷம் கேக்குறீங்க.

பீலியான்: வருஷா வருஷம் அவன் அங்கேயே இருக்கானே. சிப்பி விக்கப் படகு ஏறினான், 'மத்தியானச் சோத்துக்கு வந்துடுவேன், எனக்குக் கொஞ்சம் பன்றிக்கறி எடுத்து வை'ன்னான். அன்னிக்குச் சாயங்காலம் சண்டையில நாடே ரெண்டாப் பிரிஞ்சு, நடுவுல கடலை மூடிட்டாங்க. அவன் அந்தக் கரை, நாங்க இந்தக் கரை. நாற்பத்தொன்பது வருஷம் ஆச்சு.

சோக்கிம்: அந்த வருஷம் நிலாப் பண்டிகைக்கு உங்க அப்பாதானே முதல்ல போட்டாரு?

பீலியான்: ஆமா. 'வர முடியாதவனுக்கும் ஒரு முறை உண்டு, அவன் சார்புல நான் போடுறேன்'னு போட்டாரு. அப்படித்தான் நம்ம வீட்ல இந்த வழக்கமே வந்துச்சு. எத்தனை குண்டு அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே... அப்பக்கூட பதுங்கு குழியில உக்காந்து அவனுக்குப் போட்டோம். இந்தாடா அண்ணே, உனக்கு.

சோக்கிம்: ஐயோ, அருமை! மூணு நாலு! மாமாவுக்கு வெந்நீர் குடுவை!

பீலியான்: அங்கே போய் யார் குடுக்கிறது? பெட்டியில வை. பதினேழு குடுவை சேர்ந்துடுச்சு. வந்தான்னா குடுவைக் கடையே வைக்கலாம்.

சோக்கிம்: சரி, இப்ப அவருக்கு. குடுங்க பகடையை.

பீலியான்: யாருக்கு?

சோக்கிம்: என்ன அத்தை, யாருக்குன்னு கேக்குறீங்க? அவருக்கு. சின்ஹொக்குக்கு.

பீலியான்: இரு. அதுக்கு முன்னாடி இன்னொருத்தனுக்குப் போடணும்.

சோக்கிம்: வேற யாரு இருக்காங்க நமக்கு?

பீலியான்: இருக்கான். இதே ஊர்லதான் இருக்கான். ஆனா வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர முடியல.

சோக்கிம்: எ... எந்த வாசலை?

பீலியான்: ஏன், நாக்கு ஒட்டிக்கிச்சா? கடல்புழு ஜெல்லி ஏதாவது வாயில வச்சிருக்கியா?

சோக்கிம்: யாரைச் சொல்றீங்கன்னே தெரியல.

பீலியான்: கூலாங்சூ தீவுக்குப் போற படகுல இன்ஜின் பாக்குறானே, பூன்செங்னு ஒருத்தன்.

சோக்கிம்: அவரா! அவரு சும்மா... அந்தக் குழாய் ஒழுகுச்சுல்ல, அதைச் சரி பண்ண வந்தாரு, அவ்வளவுதான்.

பீலியான்: ஒரே குழாயை ஏழு தடவை சரி பண்ணினான். கடல் தண்ணியையே நிறுத்தியிருக்கலாம் அந்த நேரத்துல.

சோக்கிம்: அத்தை!

பீலியான்: நாளன்னைக்கு விடியக்காலம் தோங்ஷானுக்குப் போறான்டி. அங்கே துறைமுகத்துல வேலை மாத்திட்டாங்க. ஒத்தை ஆளா வர்றானா, பொண்டாட்டியோட வர்றானான்னு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். உன்னைக் கேட்டான். நீ முடியாதுன்னுட்டே.

சோக்கிம்: யார் சொன்னது இதெல்லாம்?

பீலியான்: அவனேதான். மத்தியானம் படகுத்துறைக்குப் போனேன்.

சோக்கிம்: கோயிலுக்குன்னு சொன்னீங்க! எதிர்வீட்டு அக்கா கையைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொன்னீங்க!

பீலியான்: சொன்னேன். போனது துறைக்கு. பாவம், நின்னுக்கிட்டே நூடுல்ஸ் தின்னுக்கிட்டிருந்தான். நீலச் சட்டை, ரெண்டாவது பொத்தானைக் காணோம். ஒரு பொத்தான் தைச்சுக் குடுக்க ஆளில்லாத மனுஷன்.

சோக்கிம்: பொத்தான் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பீலியான்: அது... தொட்டுப் பார்த்தேன்.

சோக்கிம்: நெஞ்சுலயா?

பீலியான்: கூட்டம் இடிச்சுது, கை பட்டுச்சு. இந்த வயசுல என்னைப் போய்ச் சந்தேகப்படுறா பாரு!

சோக்கிம்: நீலம்னும் கை பட்டுத் தெரிஞ்சுதா?

பீலியான்: படகுக்காரன் எல்லாம் நீலம்தானே போடுறான். பேச்சை மாத்தாதே. ஏன் முடியாதுன்னே?

சோக்கிம்: உங்களை எங்கே விட்டுட்டுப் போறது? அடுப்புக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாம நடக்குறீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கண்ணு ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லன்னு ஆயிடுச்சு. படியில இறங்கினா நான் வேணும், மீன் வாங்கினா நான் வேணும்...

பீலியான்: என் கண்ணுக்காகத்தான் முடியாதுன்னே?

சோக்கிம்: ஆமா.

பீலியான்: வேற ஒண்ணும் இல்லையே?

சோக்கிம்: வேற என்ன இருக்கு? விடுங்க அத்தை. அவர் போகட்டும். நல்ல பொண்ணாக் கிடைப்பா. நாம ஆட்டத்தை முடிப்போம். சின்ஹொக்குக்குப் போடணும், குடுங்க.

பீலியான்: வேண்டாம்.

சோக்கிம்: என்ன வேண்டாம்?

பீலியான்: இந்த வருஷம் அவனுக்குப் போட வேண்டாம்.

சோக்கிம்: ஏன் இப்படிப் பேசுறீங்க? நாலு வருஷமாப் போடுறோம். பண்டிகை நாள்ல, அவரோட அம்மா நீங்களே...

பீலியான்: நான் அம்மாங்கிறதாலதான் சொல்றேன். வர முடியாதவனுக்குத்தான் ஒரு முறை. என் அண்ணன் அந்தக் கரையில உயிரோட இருக்கான், கடல் திறந்தா வருவான். சின்ஹொக் எங்கேயிருந்து வருவான், சொல்லு? நீயும் நானும்தானே மண்ணு போட்டோம்.

சோக்கிம்: அத்தை, வேண்டாம்...

பீலியான்: என் வாயால இதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆச்சு. பெத்த வயிறு எரியுது. ஆனாலும் சொல்லிட்டேன்.

சோக்கிம்: நான் போடுவேன். நீங்க போடாட்டிப் போங்க. அவருக்கு நான் போடுவேன். இந்தா... பாருங்க, நாலு நாலு! முதல் பட்டம்! இந்த வருஷமும் அவருக்குத்தான்!

பீலியான்: கையை எடு.

சோக்கிம்: என்ன?

பீலியான்: கிண்ணத்து மேல இருந்து கையை எடு.

சோக்கிம்: நாலு சிவப்பு அத்தை, நிஜமா—

பீலியான்: ரெண்டு பகடையில மூணு. ஒண்ணுல ஆறு. ரெண்டுல அஞ்சு. இன்னொண்ணுல ஒண்ணு. சோப்புக்கு ஒரு நாலு கூட இல்ல. போன வருஷம் அவனுக்கு ஒரே ஒரு நாலு விழுந்துச்சு. நீ எழுந்து நின்னு கை தட்டி, 'முதல் பட்டம், முதல் பட்டம்'னு கத்தினே. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு நாலு. அப்பவும் பட்டம்னே. உயிரோட இருந்தப்ப பல்பொடியைத் தவிர எதையும் ஜெயிக்காத பய அவன். செத்தப்புறம் வருஷா வருஷம் பட்டம் வாங்குறானேன்னு சிரிப்பு வரும். அப்படியே அழுகையும் வரும். திரும்பிக்கிட்டு மூக்கைத் துடைச்சுப்பேன்.

சோக்கிம்: நீங்க சந்தோஷப்படணும்னுதான்...

பீலியான்: தெரியாதா எனக்கு? எந்த மருமகடி மாமியாருக்காக இப்படிப் பொய் சொல்லுவா? அதனாலதான் எனக்கு உன்னை விட மனசே வரல.

சோக்கிம்: அத்தை, அழாதீங்க.

பீலியான்: அழலை. கேளு. நான் இன்னிக்கு இதைச் சொல்லாட்டி அப்புறம் சொல்லவே மாட்டேன். ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு. கட்டை அவிழ்த்ததும் டாக்டர் ஊசியில நூல் கோக்கச் சொன்னாரு. முதல் தடவையே கோத்துட்டேன். வெளியே நீ நின்னுக்கிட்டிருந்தே. முகம் வெளுத்து, கைப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. எனக்குள்ள ஏதோ ஒண்ணு சொல்லுச்சு... இவளுக்கு முப்பத்தி நாலு வயசு, புருஷன் இல்ல, புள்ளை இல்ல. கண்ணு சரியாப் போச்சுன்னு தெரிஞ்சா ஒரு நாள் கிளம்பிடுவா. கண்ணு தெரியலன்னா போகமாட்டா. உன் குணம் எனக்குத் தெரியும். அதான், 'எல்லாம் மங்கலாவே இருக்கு'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் வேணும்னே நாற்காலியில இடிச்சுக்கிட்டேன். முழங்கால்ல பாரு, இன்னும் தழும்பு இருக்கு. சந்தையில அழுகின மீனை எடுத்து நீட்டுவேன், நீ பதறிப்போய் வாங்கி வைப்பே. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சொர்க்கம்டி. கெட்ட பொம்பளை நான். உன் ரெண்டு வருஷத்தைத் திருடித் தின்னுட்டேன்.

சோக்கிம்: அப்படிச் சொல்லாதீங்க.

பீலியான்: சொல்லுவேன். மத்தியானம் அந்தப் பையன் கிட்டே, 'அவ ஏம்பா முடியாதுன்னா'ன்னு கேட்டேன். 'உங்க கண்ணுக்காக அம்மா, அவங்களைக் குறை சொல்ல முடியாது'ன்னு சொல்லிட்டு, என்னைக் கையைப் பிடிச்சு மெதுவா ரோட்டைக் கடத்தி விட்டான். எனக்குப் பளிச்சுன்னு ரோடு தெரியுது, வர்ற பஸ் நம்பர் தெரியுது... அவன் என்னைப் பிடிச்சுக் கடத்தி விடுறான். அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு எனக்கு.

சோக்கிம்: அவர்கிட்டே சொல்லிட்டீங்களா?

பீலியான்: இல்ல. உன்கிட்டேதான் முதல்ல சொல்லணும்னு வந்துட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். பண்டிகை நாள், தனியாக் கிடக்கான்... கேக்குதா? கீழே யாரோ கதவைத் தட்டுறாங்க. அவன்தான்.

சோக்கிம்: கேக்குது.

பீலியான்: போய்த் திற. கோவமா இருந்தா என்னை ரெண்டு திட்டு திட்டிட்டுப் போய்த் திற. தோங்ஷான் என்ன, நாலு மணி நேர பஸ். அடுத்த நிலாப் பண்டிகைக்கு வர முடியாட்டி உனக்கும் ஒரு முறை நான் போடுவேன். பொய் சொல்லாம. என்னடி அப்படிப் பாக்குறே? நான் உன்னை ஏமாத்தினவ. உனக்குக் கோவமே வரலையா?

சோக்கிம்: ஊசியில நூல் கோத்ததை நான் கதவு இடுக்குல பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் அத்தை. வெளியே வந்து 'மங்கலா இருக்கு'ன்னீங்க, நானும் சரின்னு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். பட்டம்னு கத்தினப்பவும் நீங்க பாக்குறீங்கன்னு தெரியும், காட்டிக்க மாட்டீங்கன்னும் தெரியும்... எனக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்துச்சு. யார் என்ன கேட்டாலும், 'மாமியாருக்குக் கண்ணு தெரியாது'ன்னு உங்க பின்னாடி போய் ஒளிஞ்சுக்கலாம். இன்னொரு மனுஷனையும் ஆசையா வச்சிருந்து, அவரையும் பறிகுடுத்துட்டா என்ன பண்றதுங்கிற பயம் எனக்கு. நீங்க திருடலை, நான்தான் எடுத்துக் குடுத்தேன்... விடுங்க கையை, அவர் ரொம்ப நேரமா நிக்கிறாரு. நான் போய்த் திறக்குறேன்.