அஞ்சரை அடிக் கட்டில்

ப்ரீதி: படு.

கௌஷிக்: இங்கயா? அரே... அந்த சேல்ஸ் பொண்ணு வந்துடுவா.

ப்ரீதி: அவ சாய் எடுத்துட்டு வரப் போயிருக்கா. செருப்பைக் கழட்டிட்டுப் படு.

கௌஷிக்: கல்யாணமாகி நாலு வருஷத்துல இப்பதான் நீயா கூப்பிடற. அதுவும் பில்டரோட சாம்பிள் ஃப்ளாட்ல!

ப்ரீதி: வழியாதடா. நல்லா நீட்டிப் படு. ம்... கால் எங்க இருக்கு?

கௌஷிக்: கொஞ்சம்... வெளிய தொங்குது.

ப்ரீதி: நீ ஆறடி. கட்டில் அஞ்சரை.

கௌஷிக்: அதுக்கென்ன? நம்ம கட்டிலைக் கொண்டுவந்து போட்டுக்கலாம்.

ப்ரீதி: போடு. ஆறரை அடி. அப்புறம் இந்த அலமாரியை எப்படித் திறப்ப?

கௌஷிக்: வயித்தை எக்கிட்டு...

ப்ரீதி: சரி, எழுந்து வந்து திற. உள்ள ஹேங்கர் இருக்கு பாரு, மாட்டிட்டுக் கதவை மூடு.

கௌஷிக்: மூட மாட்டேங்குதே. இடிக்குது.

ப்ரீதி: ஆழம் பத்தல. இங்க எல்லாமே ஒரு சுத்து சின்னதாப் பண்ணினது. அதான் ரூம் இவ்ளோ பெருசாத் தெரியுது.

கௌஷிக்: ஆரம்பிச்சுட்டியா! உன் இன்டீரியர் வேலையை ஆபீஸ்லயே விட்டுட்டு வான்னு சொன்னேன்ல?

ப்ரீதி: பாத்ரூமுக்குப் போ.

கௌஷிக்: இப்ப வரலயே...

ப்ரீதி: சும்மா போய் நில்லு. இந்த வீட்ல எத்தனை கதவு, எண்ணினியா?

கௌஷிக்: கதவா? ஒண்ணுகூட... இன்னும் மாட்டலபோல.

ப்ரீதி: மாட்டவே மாட்டாங்க, மாட்டினா இடம் சின்னதுன்னு தெரிஞ்சுடும். இப்ப என் கைதான் கதவு. உள்பக்கமாத் திறக்கறேன்...

கௌஷிக்: ஐயோ, முட்டி! ஏய், நான் எங்கதான் நிக்கறது?

ப்ரீதி: கமோடு மேல ஏறிக்கோ.

கௌஷிக்: சிரிக்காதே ப்ரீதி. எனக்கு இந்த வீடு வேணும். நம்ம வாடகை வீட்ல தோளைக் குறுக்கிக் குறுக்கியே நடக்கறேன். இந்த ஹால்ல வந்து நின்னப்போ மூச்சு எவ்ளோ நல்லா வந்துது தெரியுமா? ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

ப்ரீதி: ராத்திரியா? நாம இப்பதானே முதல் தடவை வர்றோம்?

கௌஷிக்: அந்தப் பொண்ணு சாயோட இன்னும் வரலயே?

ப்ரீதி: கௌஷிக்.

கௌஷிக்: நேத்து வந்தேன். சாகண் ஃபேக்டரிலேர்ந்து வேலை முடிஞ்சு திரும்பற வழில. உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு... புக்கிங் ஃபாரத்துல கையெழுத்தும் போட்டுட்டேன். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வாபஸ் வாங்கலாமாம்.

ப்ரீதி: படுத்துப் பாக்காமலேயா?

கௌஷிக்: யாருடி வீடு வாங்கப் போற எடத்துல படுத்துப் பாப்பாங்க! பெருசாத் தெரிஞ்சுது, விழுந்துட்டேன். சே... குட்டிக் கட்டிலைப் போட்டு ஊரை ஏமாத்த எந்தப் படுபாவிக்குடி இப்படி மூளை வேலை செஞ்சுது? கைல மட்டும் கிடைச்சா...

ப்ரீதி: கிடைச்சாச்சு. இது பூரா போன வருஷம் நான் வரைஞ்சது. பில்டர் கேட்டாரு, குடுத்துட்டேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது. வா, கீழ போலாம். அவங்க ஃபாரத்தைத் திருப்பிக் குடுக்கலைன்னா, இங்க வர்றவங்க ஒவ்வொருத்தரையும் நானே அந்தக் கட்டில்ல படுக்க வெப்பேன்.