தெளிவாக ஒரு படம்

துணிப்பொம்மையைப் படம் எடுக்கக் காலை வெளிச்சமே போதும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் தையல் ஒவ்வொன்றும் தெரியும். இதை லிலிஸுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள், அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் வீடு பாண்டுங் நகரத்துக்கு வடக்கே, லெம்பாங் மலைச்சரிவில். ஆறு வருடமாக என் முன்கூடத்தில் வாரம் இரண்டு நாள் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி களிமண் காதணி செய்வாள், ஒருத்தி வாழ்த்து அட்டை வரைவாள். கைத்திறமைக்குக் குறைவில்லை. அதை இணையத்தில் எப்படி விற்பது என்றுதான் தெரியாது. நான் கடைப்பக்கம் திறந்து கொடுப்பேன். பொருளைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுப்பேன். கோபமாக எழுதும் வாடிக்கையாளருக்கு எப்படிப் பணிவாகப் பதில் போடுவது என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. "இமாஸ் அக்கா இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்று அவர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதும்.

லிலிஸ் வந்தபோது புருஷன் விட்டுப் போய் இரண்டு மாதம். பையில் மூன்று பொம்மைகள் இருந்தன. இலவம் பஞ்சு அடைத்து, மங்குஸ்தான் தோலில் சாயம் ஏற்றியவை. ஒவ்வொரு முகத்திலும் ஒரு தூக்கக் கலக்கத்தை எப்படியோ தைத்திருந்தாள். அழகுதான், நான் மறுக்கவில்லை. அதை உலகம் பார்க்கும்படி செய்தது யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வந்த மூன்றாம் வருடம் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"அக்கா, சிங்கப்பூர்ல ஒரு கடைக்காரங்க மாசாமாசம் பொம்மை கேக்குறாங்க. கீழ ரோட்டுல ஒரு எடம் பாத்திருக்கேன். நம்மள்ல ஆறு பேரச் சேத்துக்கப் போறேன். எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சிட்டீங்க, இனிமேலாவது கொஞ்சம் ஓய்வா இருங்கக்கா."

காதணி செய்யும் கோகோம் எதையும் சும்மா விடமாட்டாள். "ஆமாக்கா, இனிமே இந்தக் கூடத்துல நீங்களும் பல்லியும்தான். அதுக்கும் ஒரு கடைப்பக்கம் தொறந்து குடுத்துருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இஞ்சிப் பானம் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் லிலிஸின் கடைப்பக்கத்தில் வேறொரு பெயரில் ஒரு கருத்து எழுதினேன். பொம்மையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய என் மகளுக்குக் கையெல்லாம் தடித்துவிட்டது, சாயத்தில் ஏதோ இருக்கிறது என்று. அவள் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் தடுமாறினால் திரும்பி வருவாள், வந்தால் தூக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "உங்கள் வருத்தம் புரிகிறது. குழந்தை நலமாக இருக்கிறாளா? தெளிவாக ஒரு படம் அனுப்ப முடியுமா?" வரிக்கு வரி நான் சொல்லிக்கொடுத்தது. படம் கேட்டால் பொய்யர்கள் ஓடிவிடுவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

என் தங்கை தேத்தி தைவானில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அவள் மகள் என்னிடம் வளர்ந்தாள். ஹானும் என்று பெயர். நாலு வயது. சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை.

எங்கள் வேலியோரம் செந்தட்டி உண்டு, இலை பட்டால் தோல் எரிந்து தடித்துவிடும். இந்த மலையில் அது இல்லாத வேலி ஏது? இலையை வைத்து ஒரு விளையாட்டு என்று சொன்னேன்.

முதல் நாள் சிவப்பு படத்தில் சரியாக விழவில்லை, கையை உதறிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் மேகமூட்டம். மூன்றாம் நாள் நான் இலையோடு வருவதைப் பார்த்து அவளே சட்டைக்கையை மடித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். அழவில்லை. அந்த வயதில் அவ்வளவு பொறுமை எல்லாக் குழந்தைகளுக்கும் வராது. உங்கள் மேசையில் இருப்பது அன்று எடுத்த படம்.

அது அம்மாக்களின் குழுக்களில் பரவியது. சிங்கப்பூர்க்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கீழ் ரோட்டு இடத்தை லிலிஸ் விட்டுவிட்டாள். நேராக என்னிடம்தான் வந்தாள். என் மடியில் தலை வைத்து அழுதாள்.

"அது யாரு பெத்த கொழந்தையோ தெரியலக்கா. அந்தக் கைய நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குது."

தலையைத் தடவிக் கொடுத்தேன். மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். லிலிஸுக்குத் துணை நிற்போம் என்று நானே எழுதி எல்லா இடத்திலும் போட்டேன். கூடத்தில் உட்கார இடமில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் குழு அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

இரண்டு மாதம் கழித்து லிலிஸ் மறுபடி ஊசியை எடுத்தாள். சாயமே போடாத வெள்ளைத் துணியில் முதல் பொம்மையை ஹானுமுக்குத் தைத்துக்கொண்டு வந்தாள். "கண்ணு, இதத் தூக்கி மாருல வெச்சுக்க பாக்கலாம். அத்தை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று கைபேசியை உயர்த்தினாள்.

ஹானும் பொம்மையைத் தரையில் வைத்தாள். சட்டைக்கையை மடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"எல எங்க?" என்று கேட்டாள்.

கோகோம் சிரித்தாள். "என்ன எலடி? வாழையெலயா?"

லிலிஸ் சிரிக்கவில்லை. குழந்தையின் முழங்கைக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு மச்சம் உண்டு. இரண்டு மாதமாக அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு அம்மாவுக்கும் மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். ஹானுமின் கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "அக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆம், நான்தான். கருத்தை எழுதியதும், இலையைப் பறித்ததும், மூன்று நாளும் அவள் கையில் தேய்த்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை. வலித்திருக்குமே என்று கேட்டீர்கள். வலித்திருக்கும். தேத்தி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்றும், யாராவது கைபேசியை எடுத்தால் ஹானும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள் என்றும் சொன்னீர்கள். குழந்தைகள் மறந்துவிடுவார்கள். தேத்திதான் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். என்னைப் பிடித்த செய்தி வந்ததிலிருந்து ஊர் முழுவதும் லிலிஸின் பொம்மையைத்தான் கேட்கிறார்களாம். ஆறு பேர் போதாமல் பதினான்கு பேர் தைக்கிறார்களாம். மூன்று வருடம் பாடுபட்டும் என்னால் அவளுக்கு அவ்வளவு பேரைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. இந்த ஒரு வாரத்தில் முடிந்திருக்கிறது. அவள் ஒரு நன்றிகூடச் சொல்லி அனுப்பவில்லை. பரவாயில்லை, எதிர்பார்த்து நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை.