தலையில் பால்குடம், இடுப்பில் பல்

எண்பதுகளில் ஒரு தைப்பூசத்தன்று, கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பல் பிரிவில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். பத்துமலை அடிவாரத்தில் யாரோ உடைத்த தேங்காயின் சில்லு பறந்து வந்து அவருடைய முன்பல்லைப் பெயர்த்துவிட்டதாம். அவரிடம் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, சொன்னதைக் கேட்டுத்தான் நான் காதைத் தீட்டினேன்.

"பல்லைப் பால்ல போட்டு உடனே கொண்டு வந்திருந்தா டாக்டர் திருப்பி வெச்சிருப்பாரு, அங்கிள்."

அவருடைய மனைவி பிடித்துக்கொண்டார்.

"கேட்டுக்குங்க! தலையில ஒரு குடம் பாலு, பல்லு மட்டும் இடுப்பு முடிச்சுல. மூளைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"அது சாமிக்குப் போற பாலு லா. எச்சிப் பல்லைப் போடலாமா?"

"கீழ கடை கடையா பால் வித்தான், ஒரு பாக்கெட் வாங்கத் தெரியல. இந்த லட்சணத்துல படியேறி, அபிஷேகம் முடிச்சு, அன்னதானமும் சாப்பிட்டுட்டுத்தான் ஐயா ஆஸ்பத்திரிக்கு வராரு!"

அவர் இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதப் பொட்டலத்தை மிஸ்ஸி பிரித்தார். "வேரு வரைக்கும் தேய்ச்சுக் கழுவி, விபூதி வேற பூசி வெச்சிருக்கீங்க. இனிமே இது ஒட்டாது. யாரு செஞ்ச வேலை இது?"

வேட்டிக்காரர் வாயிலிருந்து துண்டை எடுத்தார். "நல்லா கேளுங்க மிஸ்ஸி. 'முருகன் பார்த்துப்பான், மேல ஏறுங்க'ன்னு அனுப்பி வெச்சது யாருன்னும் சேர்த்துக் கேளுங்க."

அந்த அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ பாவம், உங்களுக்கு என்ன ஆச்சு அண்ணே?"