பூநாரை நின்ற தண்ணீர்

பங்குனி வெயில். ஏரியைக் கடந்து ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் போகும் தோணியில், எனக்கு எதிரே தலைப்பாகை வரை நனைந்த வலைக்காரர் ஒருவரும் மீன்கூடையோடு ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பூநாரை என்னை ஏமாத்திடிச்சிக்கா,” என்றார் அவர்.

“அதெல்லாம் நேத்தே வடக்கே பறந்துடிச்சினு சொன்னாங்களே?”

“சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு கூட்டம் இன்னும் இருக்கு. அது நிக்கிற இடம் முழங்கால் தண்ணினுதானே நாம இறங்குவோம்? பார்த்தேன், வலையைத் தூக்கிக்கினு குதிச்சேன். தலைக்கு மேல தண்ணி!”

“அப்போ அது எப்படி நின்னுது?”

“எங்க நின்னுது? வாத்தாட்டம் நீந்திக்கினு இருந்திச்சி. பூநாரை நீந்தும்னு எங்க நைனாகூட சொன்னதில்ல.”

தோணியே சிரித்தது. அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் தோணிக்காரர் கோலை ஊன்றி நிறுத்தினார். “அதோ, பூநாரை நிக்குது பாருங்க. முழங்கால் தண்ணிதான், இறங்கி நடங்க.”

ஒருவரும் அசையவில்லை. அம்மாள் மட்டும் நனைந்தவரின் முதுகில் கை வைத்தாள்.

“நீ மொதல்ல இறங்கு தம்பி. இனிமே நனையறதுக்கு உன்கிட்ட இன்னா இருக்கு?”