பேசாம உக்காருங்க, டாக்டர்

மறுபடியும் காத்தை இறக்கிட்டீங்களா சிஸ்டர்? ஏன், நான் பேசினேன்னா? நான் எங்கங்க பேசினேன்... பட்டை இறுக்கமா இருக்குன்னு சொன்னேன், அது ஒரு பேச்சா? சரி சரி, முறைக்காதீங்க. கட்டுங்க. பிரஷர் பாக்கும்போது வாயைத் திறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? "பேசாம உக்காருங்க"ன்னு ஊரையே அதட்டினவன் நான். நானும் டாக்டர்தாங்க. அந்த அட்டையில தொழில்னு போட்ட இடத்துல என் சம்சாரம் என்ன எழுதியிருக்கா, பாருங்க... டாக்டர்னுதானே? நல்லவேளை. பிடிவாதம்னு எழுதியிருப்பாளோன்னு நினைச்சேன்.

வெளியே பெஞ்சுல, மடியில கைப்பையை வெச்சுக்கிட்டு இந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்காளே, அவதான். நான் நழுவிடுவேனாம். இந்த வயசுல ஜன்னல் ஏறிக் குதிக்கவா போறேன்? குதிச்சாலும் அந்தப் பக்கம் உங்க ஆம்புலன்ஸ்தான் நிக்குது, நேரா அதுலதான் விழணும்.

இல்லீங்க, எனக்கு இந்தத் திட்டமே பிடிக்கல. நாப்பது தாண்டின எல்லாருக்கும் அரசாங்கச் செலவுல உடம்பு பூராப் பரிசோதனை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கருத்துக் கேட்டாங்க. கண் டாக்டரம்மா ஒருத்தங்க, "முன்னாடியே பாத்தா எத்தனை பேருக்குப் பார்வையக் காப்பாத்தலாம்"னு உருகினாங்க. ஆப்பரேஷன் பண்றவர் எழுந்தார். அவருக்கு எதுலயும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். "தேடினா எவன் உடம்புலயும் ஏதாவது கிடைக்கும், அப்புறம் நல்லா இருந்தவனும் படுத்துடுவான்"னார். அதுலயும் நியாயம் இருக்குங்க, இல்லாம இல்ல. அப்புறம் நான்...

கட்டிட்டீங்களா? ஒரு நிமிஷம், முடிச்சுடறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலையில ஓடறவன், அளந்து சாப்பிடறவன், அவன்தான் இங்க முதல் ஆளா வந்து நிப்பான். வர வேண்டியவன் வரவே மாட்டான். தனக்கு ஒண்ணுமில்லன்னு எங்கயாவது உக்காந்து வியாக்கியானம் பண்ணிக்கிட்டு இருப்பான்"னேன். என்னா கைதட்டல்ங்கறீங்க! அதுக்கு முந்தின நாள் வீட்டுல அவ முன்னாடிதான் ஒத்திகை பாத்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, துணி மடிச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்த வர வேண்டியவன் யாருங்க?" நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல.

பம்பு பண்ணாதீங்க, இருங்க இருங்க. சில பேருக்கு வெள்ளைக் கோட்டைப் பாத்தாலே பிரஷர் ஏறும், அது தெரியுமில்ல? எனக்கும் அப்படி இருக்கலாம். என்ன சிரிக்கறீங்க... ஆமா, அந்தக் கோட்டை தினம் நான்தான் போட்டுக்கறேன். அதனால என்ன, கண்ணாடி பாத்துத்தானே போட்டுக்கறேன்?

விஷயம் ஒண்ணுமில்லீங்க. காலையில எழுந்தா பின்மண்டை கொஞ்சம் கனக்குது. தலைகாணிதான் காரணம்னு தலைகாணி மாத்தினேன். அப்புறம் மெத்தையை மாத்தினேன். அப்புறம் கட்டிலையே திருப்பிப் போட்டேன். என்கிட்ட வர்ற ஆளு இப்படிச் சொல்லியிருந்தா, "கட்டிலுக்காய்யா வைத்தியம் பாக்கறே?"ன்னு நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கியிருப்பேன். என் மேஜை மேலயே ஒரு பிரஷர் மெஷின் இருக்கு. ஒரு தடவை என் கையில கட்டிப் பாத்திருப்பேனா? வர்றவங்களைப் பாக்கவே நேரமில்லன்னு சொல்லிக்கிட்டேன். பொய். பயம்ங்க. பயம்தான்.

போன வாரம் முகம் கழுவும்போது ஒரு சுத்து சுத்துச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி அவ. எப்போ வந்தாளோ தெரியல. கத்தல, பதறல. "உங்க அண்ணனும் இப்படித்தானே நின்னாரு"ன்னா. அவ்வளவுதான்.

எங்க அண்ணன்... என்னைவிடப் பெரிய வாயாடிங்க அவர். நான் பேசறதெல்லாம் ஒரு பேச்சே இல்ல. வீட்டுல அவர் ஆரம்பிச்சா நாங்கல்லாம் வாயை மூடிக்கணும். இப்போ ஒரு பக்கம் கையும் காலும் வராது. நான் போனா என் பேரைச் சொல்லப் பாப்பார். வாய் கோணும், சத்தம் மட்டும் வரும். நானும் பெரிய டாக்டர் மாதிரி, புரிஞ்சிடுச்சுண்ணான்னு தலையாட்டிட்டு வந்துடுவேன். அவருக்குத் தெரியும், எனக்குப் புரியலன்னு. கண்ணுல தண்ணி நிக்கும்...

.....

என்ன சிஸ்டர்? ஏன் பட்டையைக் கழட்டறீங்க?

பாத்துட்டீங்களா? எப்போ? நான் பேசிக்கிட்டேதானே... பேசலையா?

எவ்வளவு? வேண்டாம், சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க. அந்த அட்டையை இப்படித் திருப்புங்க.

நூத்தி எண்பதா.

காலையில காபி குடிச்சேன்ங்க, அதுவா இருக்கும். வேகமாப் படியேறி வந்தேன்... இங்க படியே இல்லையா? சரி விடுங்க. இந்தச் சாக்கெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம், அதான் தானா வருது.

எங்க கிளம்பிட்டீங்க? உங்க பெரிய டாக்டரைக் கூப்பிடவா? ஐயோ, அன்னிக்குக் கூட்டத்துல முன்வரிசையில உக்காந்து கைதட்டினதே அவர்தாங்க. மானம் கப்பலேறிடும்...

சரி. கூப்பிடுங்க.

சிஸ்டர், போற வழியில அந்தப் பெஞ்சுல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டாளே, வர வேண்டியவன் யாருன்னு... வந்துட்டான்னு சொல்லுங்க.