சாகாத சேருக்குக் கட்டின பனர்

இல்லை அண்ணை, சாகேல்லை. கிறிஸ்துநாயகம் சேர் உயிரோடைதான் இருக்கிறார். அந்த மாலையைக் கீழை வச்சிட்டு இந்த ஏணியை ஒருக்காப் பிடியுங்கோ. மற்றப் பக்கக் கயித்தை வெட்டவேணும்.

ஓம், பொய்ச் செய்திதான். நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரியிலை மறிச்சது உண்மை. பழைய மாணவர் வட்ஸ்அப் குறூப்பிலை ஆரோ அவர் கட்டில்லை கிடக்கிற படத்தைப் போட, இன்னொருத்தன் ஆத்மா சாந்தியடையட்டும் எண்டு எழுதிப்போட்டான். பிறகென்ன, லண்டன், கனடா எல்லாம் ஒரே அழுகை. ஒரு விசரனும் சேர் வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுக்கேல்லை. நீங்களும் எடுக்கேல்லைத்தானே? மாலையோடை பஸ் ஏறிட்டியள்.

கோவிக்காதேங்கோ. நான் அதைவிட மோசம். இந்தப் பனரை அடிச்சதே நான்தான். ஓ/எல் சோதினையோடை பள்ளிக்கூடத்தை விட்டிட்டு, உங்கை முன்னுக்குத் தெரியுற கடையிலைதான் டிசைன் செய்யிறன். செத்தவீட்டுப் பனர் எண்டால் பந்தல் போட முதல் சந்தியிலை தொங்கவேணும். இல்லாட்டி மற்ற பட்ச்காரர் முந்திடுவினம். படம் தேட எங்கை நேரம்? என்ரை போனிலை கிடந்ததைப் போட்டன். மாகாணப் போட்டியிலை கோலூன்றிப் பாய்ஞ்சு நான் வெண்ட அண்டைக்கு எடுத்தது. என்னை வெட்டி எடுத்திட்டன். சேரின்ரை தோளிலை ஒரு கை நிக்குதெல்லே? அது என்ரை. அவசரத்திலை வெட்டுப்படேல்லை.

உங்கடை காலத்திலை சேர் பழக்கினது புட்போல் மட்டுமோ? எங்களுக்குக் கோல் இருந்தது, விழ மெத்தை இல்லை. சேர் குருநகரிலை வீடு வீடாய்ப் போய்ப் பழைய மீன்வலை கேட்டு வாங்கி, பஞ்சுத் துண்டுகளை அடைஞ்சு, தானே இருந்து தைச்சவர். கோலைப் பஸ்சிலை ஏத்தமாட்டாங்கள். மோட்டச்சைக்கிளிலை நீட்டுக்குக் கட்டி, நான் பின்னாலை இருந்து பிடிக்க, புத்தூருக்கும் போயிருக்கிறம். சனம் சிரிக்கும். சேர் கலியாண மாப்பிளை மாதிரிக் கை காட்டிக்கொண்டு போவார்.

கவனம், ஏணி ஆடுது.

ஏன் விட்டனானோ? கணக்குச் சோதினை பெயில். முகம் காட்ட வெக்கமாயிருந்தது, கிறவுண்டுக்கும் போகாமல் நிண்டிட்டன். உவர் விட்டால்தானே! கிழமைக்குக் கிழமை கடை வாசல்லை வந்து ஹோர்ன் அடிப்பார். பிள்ளை, சோதினைதானே பெயில், கால் பெயில் இல்லையே, பின்னேரம் கிறவுண்டுக்கு வா எண்டு உள்ளுக்குக் கேக்கக் கத்துவார். நான் மெசினுக்குப் பின்னாலை குந்தியிருப்பன். லவீனா இண்டைக்கு வரேல்லை சேர் எண்டு முதலாளி சொல்லுவார். என்ரை செருப்பு வாசல்லை கிடக்கும். சேர் அதைப் பாத்திட்டு, சரி, வந்தால் சொல்லுங்கோ எண்டிட்டுப் போவார்.

இண்டைக்குக் காலமைதான் ஆஸ்பத்திரியாலை விட்டவை. ஓட்டோவை இந்தச் சந்தியிலை நிப்பாட்டி, அண்ணாந்து தன்ரை அஞ்சலியை வாசிச்சவராம். படம் வடிவாயிருக்கு எண்டு சிரிச்சவராம். பிறகு, உது லவீனாவின்ரை கையெல்லே, அவளை வீட்டை வரச்சொல்லு எண்டு ஓட்டோக்காரனிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறார்.

ஏசுவாரோ எண்டோ? சீ, அவர் ஏசமாட்டார். அதுதான் கரைச்சல்.

சரி, வாறன், வாறன். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ. மாலையை இங்கையே விடுங்கோ. சேரின்ரை மனிசி கண்டால் கத்துவா.

இல்லை அண்ணை, பனருக்கு எனக்கு வெக்கமில்லை. அது எல்லாருமாய் விட்ட பிழை. செய்தி வந்தவுடனை கடையிலை மற்றப் பிள்ளையள் அழுததுகள். எனக்கு அழுகை வரேல்லை. அப்பாடா, இனி உந்த மனிசனுக்கு ஒளிக்கத் தேவையில்லை எண்டுதான் முதல் வந்தது. அந்த நிம்மதியிலைதான், அண்ணை, இதை இவ்வளவு வடிவாய்ச் செய்தனான்.